மீன் தொட்டிக்கு வரும் ஆலோசனைகள்: எதை ஏற்பது, எதைக் கேள்வி கேட்பது?

மீன் வளர்ப்பில் கிடைக்கும் ஆலோசனைகளின் தரம் குறித்து அன்பர்கள் எழுப்பிய கேள்விகளும், நெடுங்காலமாக நன்னீர்த் தொட்டிகளைப் பராமரித்துவரும் உறுப்பினர் ஒருவர் தந்த பதில்களும்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்கிறார் ஒருவர், மாதக்கணக்கில் தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். இருவருமே அனுபவசாலிகள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அவர்களில் யார் உங்கள் தொட்டியைப் பற்றி முதலில் விசாரித்தார் என்று பாருங்கள். தொட்டி எத்தனை லிட்டர், எவ்வளவு நாளாக ஓடுகிறது, என்னென்ன மீன்கள், எந்த ஃபில்டர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் சொல்லப்படும் விடை, சொல்பவருடைய தொட்டிக்குப் பொருந்துமே தவிர உங்களுடையதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. செடிகள் அடர்ந்த 200 லிட்டர் தொட்டியில் பத்துச் சிறு மீன்கள் மட்டும் இருந்தால், கழிவின் பெரும்பகுதியைச் செடிகளே எடுத்துக்கொள்ளும். ஆகவே நெடுநாள் தண்ணீர் மாற்றாமல் வைத்திருப்பவர் தம் அனுபவத்தைப் பொய்யாகச் சொல்லவில்லை. அதே பழக்கத்தை மூன்று கோல்ட் ஃபிஷ் உள்ள 60 லிட்டர் தொட்டியில் கடைப்பிடித்தால், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். வாரம் கால் பங்கு மாற்றத் தொடங்கி, நைட்ரேட் அளவைச் சோதித்துப் பார்த்து அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

கேள்வி (மதுரை): புதுத் தொட்டியில் ஃபில்டரை ஒரு நாள் ஓடவிட்டு மீன் விடலாம் என்றார்கள். அப்படியே செய்தேன். ஒரே வாரத்தில் ஒவ்வொன்றாக இறந்துவிட்டன. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருந்தது.

பதில்: மிக அதிகமான மீன்களைக் கொல்லும் ஆலோசனை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மீனின் செவுளிலிருந்தும், அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த நுண்ணுயிரிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஒரு நாள் ஓடவிட்டால் மோட்டார் வேலை செய்கிறதா என்பது தெரியும், குழாய்த் தண்ணீரின் குளோரினும் ஓரளவு நீங்கும். அதற்கு மேல் எதுவும் நடந்திருக்காது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை என்பதால், தண்ணீரின் தெளிவைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்மோனியாவின் நச்சுத்தன்மை தண்ணீரின் பிஎச் அளவை, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணைப் பொறுத்து மாறும். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். டெஸ்ட் கிட்டில் இருவருக்கும் ஒரே எண் வந்தும், ஒருவருடைய மீன் பிழைக்க மற்றவருடையது இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே “எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவரிடம் அவருடைய தண்ணீரின் பிஎச் என்ன என்று கேளுங்கள். அடுத்த முறை, நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சில் ஒரு பகுதியை வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

கேள்வி (கோவை): ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் தண்ணீர் என்ற கணக்கு சரியா?

பதில்: சிறிய, ஒல்லியான மீன்களுக்கு மட்டும் தோராயமாக உதவும். நீளம் இரு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். கழிவும் அதற்கேற்பக் கூடும். பத்து ஓரங்குல டெட்ராக்களையும் ஒரு பத்தங்குல ஆஸ்கரையும் இந்தக் கணக்கு சமமாகக் காட்டுவதே இதன் குறை.

கேள்வி (சென்னை, கொளத்தூர்): என் மீன்களின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் உள்ளன. கல்லுப்பு, மெத்திலீன் ப்ளூ, ஹீட்டர் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மூன்று நாளில் புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டேன். இப்போது முன்னைவிட அதிகமாக வந்திருக்கிறது.

பதில்: உங்களுக்கு மருந்தின் பெயரைச் சொன்னவர்கள், அது ஒட்டுண்ணியின் எந்தப் பருவத்தில் வேலை செய்யும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நீங்கள் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கடியில் இருந்து வளரும் ஒட்டுண்ணி. அந்த இடத்தில் மருந்து அதைத் தொடுவதில்லை. முதிர்ந்ததும் அது மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் வேறு மீனைத் தேடி நீந்தும் குறுகிய நேரத்தில்தான் உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். புள்ளி மறைந்த நாள் அடுத்த தலைமுறை உருவாகும் நாளாக இருக்கக்கூடும் என்பதால், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

வெப்பத்தைக் கூட்டினால் இந்தச் சுழற்சி விரைவாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சென்னைக் கோடையில் தொட்டி தானாகவே 30 டிகிரியைத் தொடும்போது, ஹீட்டரைவிட ஏர் பம்ப்பே முதல் தேவை. மெத்திலீன் ப்ளூவைப் பிரதான தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டரின் நுண்ணுயிரிகள் பாதிக்கப்பட்டு, வெண்புள்ளியோடு அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். எந்த மருந்தாக இருந்தாலும் ஃபில்டரிலுள்ள கரியை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும்.

கேள்வி (திருச்சி): என் ஃபைட்டர் மீன் சிறு கண்ணாடிக் குவளையில் ஓராண்டாக உயிரோடு இருக்கிறது. பிறகு ஏன் எல்லோரும் தவறு என்கிறார்கள்?

பதில்: ஃபைட்டர் நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் உறுப்பு உடையது, ஆகவே ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். அந்த உறுப்பு அம்மோனியாவிலிருந்து அதைக் காப்பாற்றாது. உங்கள் மீன் பிழைத்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குவளையில் மீனை இழந்தவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்ல முன்வருவதில்லை என்பதால், நம் காதுக்கு எட்டுவது பிழைத்த மீன்களின் கதைகளே. உங்களைக் கடிந்துகொண்டவர்களும் காரணத்தை விளக்கியிருந்தால் நீங்கள் எப்போதோ மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 20 லிட்டர் தொட்டியும், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும்.

கேள்வி (சேலம்): எங்கள் போர்வெல் தண்ணீரின் பிஎச் 8.2. நாட்டுவாதாம் இலை போட்டேன், பிஎச் குறைக்கும் திரவமும் ஊற்றினேன். மறுநாளே பழைய அளவுக்கு வந்துவிடுகிறது.

பதில்: கடினத் தண்ணீரிலுள்ள கார்பனேட் உப்புகள் நீங்கள் ஊற்றும் அமிலத்தை ஈடுகட்டிவிடுகின்றன. இப்படி ஏறி இறங்கும் பிஎச், நிலையான 8.2-ஐவிட மீனுக்குக் கெடுதல். கப்பி, மோலி போன்றவை உங்கள் தண்ணீரில் நன்றாக வாழும். மென்தண்ணீரை விரும்பும் டிஸ்கஸ் மீன்தான் வேண்டும் என்றால் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து கடினத்தன்மையைக் குறையுங்கள்.

கேள்வி (செங்கல்பட்டு): தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொன்னதால் சக்கர் மீன் வாங்கினேன். ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். இது தென் அமெரிக்க மீன். முதுகில் கவசம் போன்ற தகடுகளும் முட்களும் இருப்பதால் நம் நீர்நிலைகளில் இதை உண்ணும் உயிரினங்கள் குறைவு. கரையில் வளை தோண்டி முட்டையிடும். தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே பரவி, மீனவர்களின் வலைகளைச் சேதப்படுத்தி வருகிறது. இது அரை மீட்டர் வரை வளரும் என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மறுத்தால், பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். அதுவரை தினமும் தீனி போடுங்கள், ஏனெனில் பாசி மட்டும் அதற்குப் போதாது.