முகூர்த்தம் குறித்துவிட்டுப் பெண் தேடுகிறார்கள்

கேள்வி: ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படங்களில் முதல் இரண்டு பாகங்கள் நன்றாக இருக்கின்றன; மூன்றாவது பாகம் தவறாமல் சறுக்குகிறது. பிறகு நடிகரை மாற்றி, அதே கதையை முதலிலிருந்து எடுக்கிறார்கள். இயக்குநர்களிடம் சரக்கு தீர்ந்துவிடுவதுதானே காரணம்?
- வாசகர், காரைக்குடி

பதில்: 'தவறாமல்' என்ற சொல்லை முதலில் விலக்கிவிடுவோம். ஹ்யூ ஜாக்மன் வுல்வரின் என்ற சூப்பர்ஹீரோவாக நடித்த மூன்று தனிப்படங்களில் 2009இல் வந்த முதல் படம்தான் மிகப் பலவீனமானது. 2017இல் வந்த மூன்றாவது படமான 'லோகன்', தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது. ஆகவே மூன்று என்ற எண்ணில் தோஷம் எதுவும் இல்லை.

தோஷம் எங்கே என்று பார்க்க 'ஸ்பைடர்மேன்' வரிசையைவிடத் தெளிவான ஜாதகம் கிடையாது. சாம் ரெய்மி இயக்கி 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஓடும் ரயிலைத் தன் உடம்பாலேயே தடுத்து நிறுத்திவிட்டு மயங்கிச் சரியும் நாயகனைப் பயணிகள் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுசென்று கிடத்துகிறார்கள். முகமூடி கழன்ற அந்த முகத்தைப் பார்த்து, இவன் வெறும் சின்னப் பையன் என்கிறார் ஒருவர். ஒரே வில்லன், நாயகனுக்குள் ஒரே குழப்பம் என்று கதை கட்டுக்கோப்பாக இருந்ததால்தான் அப்படியொரு காட்சிக்கு அதில் இடம் கிடைத்தது. 2007இல் வந்த மூன்றாம் பாகத்திலோ மணல்மனிதன், பகையாகிப்போன நண்பன், வெனம் என்று எதிரிகள் மூவர். இவர்களில் வெனம், ரெய்மிக்கு மனம் ஒட்டாத பாத்திரம். ரசிகர்கள் விரும்புகிறார்கள் என்று தயாரிப்புத் தரப்பு வற்புறுத்தியதால் உள்ளே வந்தது. அதே படத்தில் மணல் துகள்கள் தட்டுத்தடுமாறித் திரண்டு ஒரு மனிதனாக எழுந்து நிற்கும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். சரக்கு தீர்ந்துபோனவர் எடுத்த காட்சி அல்ல அது.

அதற்குப் பின் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. நான்காம் பாகம் 2011 மே மாதம் வெளியாகும் என்று ஸ்டூடியோ தேதி குறித்துவிட்டது, கதையோ தயாராகவில்லை. அந்தத் தேதிக்குள் தனக்கு நிறைவளிக்கும் படத்தைத் தர இயலாது என்று ரெய்மி விலகிக்கொள்ள, 2010 ஜனவரியில் அந்தப் படமே கைவிடப்பட்டது. கதைக்காகத் தேதியைத் தள்ளிவைப்பதற்குப் பதில், நடிகரையும் இயக்குநரையும் மாற்றி 2012இல் ஒரு புதிய தொடக்கத்தை வெளியிட்டார்கள். நாயகனைக் கடித்து அவனுக்குச் சக்தி தரும் அந்தச் சிலந்தி, பத்தே ஆண்டுகளில் இரண்டாம் முறை கடித்தது. பாவம், அவனை வளர்த்த பென் மாமாவும் இரண்டாம் முறை செத்தார்.

இந்த அவசரத்துக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 1990களில் பணமுடையில் தவித்த மார்வெல் என்ற காமிக்ஸ் நிறுவனம் தன் பாத்திரங்களின் திரை உரிமைகளைப் பல ஸ்டூடியோக்களுக்கு அளித்தது. ஸ்பைடர்மேன் சோனிக்குப் போனது. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படம் எடுக்காவிட்டால் உரிமை திரும்பிப் போய்விடும். குத்தகை நிலத்தைத் தரிசாகப் போட்டால் கைவிட்டுப் போகும் என்பதற்காக எதையாவது விதைத்து வைப்பது போன்றது இது. மார்வெலின் இன்னொரு சூப்பர்ஹீரோ கதையான 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' கதையைத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் 1990களின் தொடக்கத்தில் மிகச் சொற்பச் செலவில் படமாக்கினார்; உரிமை காலாவதியாகும் நேரத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட அந்தப் படம் இன்றுவரை முறைப்படி வெளியாகவே இல்லை.

இதில் நம் பங்கும் உண்டு. ரெய்மியின் மூன்று படங்களில் உலகெங்கும் அதிகம் வசூலித்தது எது தெரியுமா? நீங்கள் சறுக்கியதாகச் சொல்லும் மூன்றாவதுதான். ஏறத்தாழ 89 கோடி டாலர். அந்த ரயில் காட்சி இருந்த படம் அதைவிடச் சுமார் 10 கோடி டாலர் குறைவாகவே ஈட்டியது. இந்தக் கணக்கைப் பார்க்கும் தயாரிப்பாளர் எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வார்?

அதே கதையை மறுபடி எடுப்பதே குற்றம் என்றும் நான் நினைக்கவில்லை. 2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' என்ற அனிமேஷன் படம், நமக்குப் புளித்துப்போன அந்தப் பூர்வகதையையே கேலிப்பொருளாக்கி, ஒவ்வொரு ஸ்பைடர்மேனின் வரலாற்றையும் சில நொடிகளில் சொல்லி முடித்துவிட்டு, மைல்ஸ் மொராலஸ் என்ற புதிய சிறுவனிடம் நிதானமாக நேரம் செலவிட்டது. அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

சரக்கு தீர்ந்துபோகும் இயக்குநர்களே கிடையாதா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. எக்ஸ்மென் வரிசையில் ஜீன் கிரே என்ற நாயகி இருண்ட சக்தியாக மாறும் கதையை 2006இல் ஒரு முறை சொதப்பினார்கள். அந்தத் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான சைமன் கின்பெர்க்கே 2019இல் அதே கதையை மீண்டும் எழுதி, இம்முறை தாமே இயக்கி, மறுபடியும் சொதப்பினார். அவர் விஷயத்தில் உங்கள் குற்றச்சாட்டை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.