ஆசானுக்கும் சேர்த்துத்தான் விதி

மதிப்பிற்குரிய ஐயா,

மார்த்தாண்டம் அருகே சிறிய கலைக்குழு ஒன்றை நடத்திவருகிறேன். கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டும் தேவாலயத் திருவிழாக்களில் நாடகமும் போடுகிறோம். பன்னிரண்டு பேரில் ஐவர் பள்ளிப் பிள்ளைகள். குடம் அடிப்பவர் 24 வயது இளைஞர், அறிவுசார் குறைபாடு உள்ளவர். ஒத்திகை முடிய இரவு ஒன்பதாகிவிடும். மூத்த கலைஞர் ஒருவர்தாம் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பைக்கில் வீட்டில் விட்டுவருவார். அண்மையில் ஒரு தாய், "இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்று கேட்டார். அதை மூத்தவரிடம் சொன்னேன், "இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்றவர் அதன்பின் ஒத்திகைக்கு வரவில்லை. அடுத்த மாதம் முட்டத்தில் குறும்படம் ஒன்றும் எடுக்கவிருக்கிறோம். நான் யார் பக்கம் நிற்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தாயின் பக்கம் நில்லுங்கள். மூத்தவரைத் தனியே அழைத்து அதைச் சொன்னதுதான் பிழை. தனியே சொல்லும்போது விதிகூடக் குற்றச்சாட்டாகவே காதில் விழும். "இனி நான் உட்பட எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றுவதில்லை" என்று குழு முழுவதையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு நொந்திருக்கமாட்டார்.

நம் குமரி மாவட்டத்தில் வர்மமும் சிலம்பமும் களியல் என்னும் கோலாட்டமும் ஆசான் வழியாகவே வந்தவை. ஆசான் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வேண்டாத ஒன்று நேரும்போது பிள்ளையின் வாயை அடைப்பதும் அந்தப் பணிவுதான். சிறுவயதில் நான் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் பின்னால் அலைந்திருக்கிறேன். கோயிலுக்குப் பின்னே இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கயிறு கட்டி வேட்டியைத் தொங்கவிட்டிருப்பார்கள். உடை மாற்றும் இடம் அதுதான். ஜால்ரா போடுகிற பையன் மட்டும் அதற்குள் போகமாட்டான். வீட்டிலிருந்தே பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, மதிய வெயிலில் வியர்த்து வழிய பஸ்ஸில் வந்து இறங்குவான். எல்லோரும் கேலி செய்தோம், நானும்தான். ஒரு கொடையோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான். படிப்பில் கவனம் வந்துவிட்டது என்றார்கள். அந்த ஆண்டுதான் அவன் பள்ளியையும் விட்டிருந்தான். என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவனிடம் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆகவே ஒத்திகையை ஏழு மணிக்கு முடியுங்கள். பிள்ளைகள் ஒரே ஆட்டோவில் சேர்ந்து போகட்டும், அல்லது பெற்றோர் வந்து அழைத்துப்போகட்டும். உடை மாற்றப் பிள்ளைகளுக்குத் தனி மறைவு வேண்டும். அங்கே கைபேசி கூடாது. ஒத்திகை பற்றிய செய்திகள் பெற்றோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போகட்டும்.

குடம் அடிக்கும் இளைஞரைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். இத்தகையவர்களை "சொன்னதைச் செய்வார்" என்று பாராட்டுவது வழக்கம்; அவருக்கு ஆபத்து வருகிற வழியும் அதுவே. அவர் வயதுவந்தவர். வேட்டி கட்டிவிட யார் வரலாம், வேனில் யார் பக்கத்தில் உட்காரலாம் என்பதை அவர் வீட்டாரிடம் கேட்பதோடு நில்லாமல் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது செல்லும் என்பதைக் குழு கண்ணால் பார்க்கவேண்டும். அவருக்குக் கொடுமை நேர்வதாகத் தெரிந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் (வட்டாட்சியர் போன்ற அதிகாரி) தெரிவிக்கலாம்.

பிள்ளை ஒன்று வாய் திறந்து எதையாவது சொல்லிவிட்டால், முதலில் நமக்குள் விசாரிப்போம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஊர்க் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் பேசித் தீர்ப்பது நமக்குப் பழகிய வழி. இதற்கு அது ஆகாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தையாகவே கொள்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தவறினால் 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு, தன்கீழ் உள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறிய நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குப் போட முடியாது. உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையல்ல; ஆளுக்கு ஒருமுறை கேட்டுக் கேட்டுப் பிள்ளையைக் குழப்பினால் கெடுவது வழக்கும்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

முட்டத்துப் படப்பிடிப்புக்கு வருகிறேன். 14 வயது நிரம்பாத பிள்ளை நடித்தால், குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. நாளில் 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்கவேண்டும். சின்னக் குழுதானே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

மூத்தவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். புதிய விதியை முதலில் உங்களுக்கு, பிறகு அவருக்கு என்ற வரிசையில் சொல்லுங்கள். ஆட்டோவுக்குக் காசு பிரிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அதற்குப் பிறகும் வரமாட்டேன் என்றால், இந்த ஆண்டுக் கொடைக்கு வேறு ஆளைப் பாருங்கள்.