தெரெஷ்கோவாவுக்குத் தகுதி இல்லையாம்

கேள்வி: விண்வெளிக்குப் போன முதல் பெண் வலன்ரீனா தெரெஷ்கோவா விமானியும் இல்லை, பட்டதாரியும் இல்லை. ஒரு துணி ஆலைத் தொழிலாளியைப் பிரசாரத்துக்காக ஏற்றி அனுப்பினார்கள், உண்மைதானே?

“உண்மைதானே” என்று முடித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தைப் பார்த்தால் கம்பஸில் உள்வாரியாகப் படிக்கும் தம்பி என்று நினைக்கிறேன். இல்லையென்றால் குறை நினைக்க வேண்டாம்.

சரி, விசயத்துக்கு வருவோம். அவர் 1937 இல் யரோஸ்லாவ்ல் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் உழவு இயந்திரம் ஓட்டியவர், பின்லாந்துப் போரில் செத்துப்போனார். பிள்ளை முதலில் ரயர் தொழிற்சாலைக்குப் போனது, பிறகு துணி ஆலைக்கு. பகல் முழுக்க வேலை செய்துகொண்டே தபால் வழியாகப் படித்து, 1960 இல் தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ் எடுத்தார். அதற்கு முதல் வருசம், 1959 மே மாதம், ஊர் விமானக் கழகத்தில் முதல் தடவையாகப் பரசூட்டில் குதித்தார். அவரைத் தெரிவு செய்ததற்குப் பெரிய காரணம் இந்தப் பரசூட்தான். ஏனென்றால் அவர் போன வஸ்தோக் விண்கலத்துக்குள் இருந்தபடி மனிதர் பத்திரமாகத் தரையிறங்க முடியாது. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனியாகப் பரசூட்டில் வர வேண்டும். விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரினும் அப்படித்தான் வந்தார். விமானி கலத்தோடேயே இறங்கினால்தான் சாதனையாகப் பதிவார்கள் என்பதால், சோவியத்காரர் அதைப் பல வருசம் மறைத்தார்கள். பறக்கும்போது கலத்தின் பெரும்பாலான வேலை தானியங்கியாக நடந்தது. இப்போது சொல்லுங்கள், அந்த வேலைக்கு எது தகுதி? ஜெற் விமானம் ஓட்டத் தெரிவதா, வானத்திலிருந்து குதிக்கத் தெரிவதா?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். நானும் தறியில் இருந்தவள்.

வலிகாமத்தில் எங்கள் ஊரில் ஒரு நெசவு நிலையம் இருந்தது. சாதாரண தரம் முடித்த கையோடு அங்கே போனேன். வீட்டு நிலைமை அப்படி. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகள். ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரத்துக்குப் படித்தேன், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் அளந்து ஊற்றிய மண்ணெண்ணெய். பாடக் கொப்பியைப் பக்கத்தில் வைத்தால்தான் எழுத்துத் தெரியும், மிச்சம் கிட்ட வைத்தால் கரி பிடிக்கும். “தறியடிக்கிற பெட்டைக்கு என்னத்துக்கு ஏ எல்” என்று சொன்ன சொந்தக்காரரும் உண்டு. பிறகு கம்பஸுக்குப் போகாமல் வெளிவாரியாகப் பட்டமும் எடுத்தேன். விரிவுரை மண்டபம் இல்லை, நூலக அட்டை இல்லை. யாரோ எழுதிய குறிப்பின் போட்டோக்கொப்பிக்கு இன்னொரு போட்டோக்கொப்பி எடுத்து, பாதி எழுத்தை ஊகித்துப் படித்த பட்டம் அது.

பட்டம் வந்த பிறகு ஒரு நேர்முகத் தேர்வு. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெசவு நிலையங்களை மேற்பார்வை செய்கிற வேலை. எனக்கென்றே விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். நடுக் கதிரையில் இருந்த ஐயா சான்றிதழைப் புரட்டினார். “பிள்ளை, இது வெளிவாரியோ?” என்றார். “ஓம் சேர்” என்றேன். பைலை மூடிவிட்டார். தறியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நானாகவே சொல்லத் தொடங்கினேன், “அதெல்லாம் இருக்கட்டும்” என்றார்.

வேலை உள்வாரிப் பட்டதாரி ஒருவருக்குப் போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல பிள்ளை. ஆனால் முதல் தடவை எங்கள் நிலையத்துக்குப் பார்வையிட வந்த அன்று என் தறி நின்றுகொண்டிருந்தது. “இது ஏன் அக்கா ஓடேல்லை?” என்று கேட்டார். பாவு இழை அறுந்திருந்தது. அறுந்த நுனி இரண்டையும் நாக்கில் தொட்டு, முறுக்கி, முடிச்சுப் போட்டு, அச்சின் பல்லுக்குள்ளால் இழுத்து விட்டுத் திரும்பவும் மிதித்தேன். அவர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த மாதம் எங்களுக்கு வந்த கடிதத்தில் “இயந்திரக் கோளாறு” என்று இருந்தது.

வெளிவாரி என்றால் எல்லாரும் கெட்டிக்காரர் என்று நான் சொல்லவில்லை. உள்வாரிப் பிள்ளைகள் கஷ்டப்படவில்லை என்றும் சொல்லவில்லை. கீழே வந்து அப்படித் திரிக்க வேண்டாம்.

தெரெஷ்கோவாவைக் குறை சொல்கிறவர்கள் இன்னொன்றும் எடுப்பார்கள்: மேலே போய்ச் சத்தி எடுத்தார், சில வேலைகளைத் திட்டப்படி செய்யவில்லை என்று. சத்தி எடுத்தது உண்மைதான். 1961 இல் சோவியத் வீரர் கெர்மன் தித்தோவும் விண்வெளியில் சத்தி எடுத்தார். அவரை யாரும் தகுதியில்லாத ஆம்பிளை என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. பட்டம் என்கிறீர்களே, அமெரிக்காவின் ஜோன் கிளென் விண்வெளி வீரராகத் தெரிவானபோது பட்டப்படிப்பை முடித்திருக்கவில்லை. அதே கிளென்தான் 1962 இல் அவர்களுடைய காங்கிரஸ் விசாரணையில் பெண்களை எடுக்காததற்கு நியாயம் சொன்னார். எனக்கு வாசித்தபோது சிரிப்பு வந்தது.

தெரெஷ்கோவா 1963 ஜூன் 16 ஏறி 19 இறங்கினார். 48 சுற்று, 70 மணித்தியாலத்துக்கு மேல், தனியே. அதுவரை போன அமெரிக்கர் எல்லாருடைய நேரத்தையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. இறங்கும்போது கீழே வரவேண்டிய கலம் இன்னும் மேலே போகும்படி திசை பிழையாக அமைக்கப்பட்டிருந்ததைத் தானே கண்டு அறிவித்ததாகவும், தரையிலிருந்து திருத்தம் அனுப்பினார்கள் என்றும் பின்னாளில் சொன்னார். வெளியே சொல்ல வேண்டாம் என்று கலத்தின் தலைமை வடிவமைப்பாளர் கொரல்யோவ் கேட்டதால் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லையாம். யாரோ விட்ட பிழையை மூடி வைத்து, சத்தி எடுத்த கதையை மட்டும் ஊருக்குச் சொன்னால் இந்த மாதிரிக் கேள்விதான் வரும்.

பிரசாரம் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. அமெரிக்கருக்கு முதல் ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும் என்பதுதான் திட்டமே. தொழிலாளி வீட்டுப் பிள்ளை, போரில் செத்த தகப்பன் என்பதெல்லாம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. ரஷ்யக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றும் எழுதாதீர்கள். 2020 இல் புட்டின் திரும்பவும் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க வழிவிடும் திருத்தத்தை அவர்களுடைய பாராளுமன்றத்தில் முன்மொழிந்தவரும் இதே அம்மாதான். அது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

ஆனால் பிரசாரம் என்று கோபப்படுவதானால் மற்ற நாலு பேருக்காகக் கோபப்படுங்கள். 1962 இல் ஐந்து பெண்களை எடுத்தார்கள். அதில் பொனமர்யோவா விமானமும் ஓட்டுவார், பொறியியலும் படித்தவர். நீங்கள் கேட்கிற தகுதி முழுக்க அவரிடம் இருந்தது. சலவ்யோவா பரசூட்டில் பெரிய வீராங்கனை. இருவரும் வருசக் கணக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 1969 இல் பெண்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள், நாலு பேரில் ஒருவரும் பறக்கவில்லை. அடுத்த பெண்ணாக சவித்ஸ்கயா போனது 1982 இல்.

வெளிவாரி பற்றிச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். பதில் இரவில்தான் போடுவேன். இப்போது நானும் ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர், பகலில் கந்தோர்.