விண்டோஸ் 8 வந்த புதிதில் எல்லாரும் ஏன் அப்படித் திட்டினார்கள்? அவ்வளவு மோசமா?

மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2012 அக்டோபரில் அதைப் போட்டவர்கள் முதலில் தேடியது ஸ்டார்ட் பட்டனைத்தான். விண்டோஸ் 95 காலத்திலிருந்து இடது மூலையில் இருந்தது, திடீரென்று காணோம். அதற்குப் பதில் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். டேப்லெட்டில் விரலால் தள்ளுவதற்கு வசதிதான். மவுஸோடு உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

கணினியை அணைப்பதையே பாருங்கள். மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோனால் ஓரத்தில் ஒரு பட்டை எட்டிப் பார்க்கும். அதில் செட்டிங்ஸ், அப்புறம் பவர், அப்புறம்தான் ஷட் டவுன். அங்கே பட்டை ஒளிந்திருப்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது, யாராவது சொன்னால்தான் உண்டு. (பெட்டியின் பவர் பட்டனை அமுக்கிவிட்டு எழுந்துபோனவர்கள் புத்திசாலிகள்.)

இந்தக் கோபத்தில் நல்லது பலர் கண்ணில் படவில்லை. அணைக்கும்போதே கெர்னலின், அதாவது விண்டோஸின் மையப் பகுதியின், நிலையை வட்டில் எழுதிவைத்து, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொண்டதால் சட்டென்று திறந்தது. கோப்புகளை நகலெடுக்கும்போது வேகத்தை வரைபடமாகக் காட்டியது, நடுவில் நிறுத்தியும் வைக்கலாம்.

2013 அக்டோபரில் 8.1 பட்டனைத் திருப்பிக் கொடுத்தது. சரி என்று அமுக்கினால் அதே கட்டங்கள்! பழைய மாதிரி மெனு 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோதுதான் திரும்பியது.