கணிதம் கற்ற பிறகுதான் மென்பொருள் வேலையா?

கேள்வி: பி.காம். முடித்து, மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். பருவ காலத்தில் குவியும் எடைமேடைச் சீட்டுகளைச் சரிபார்ப்பதற்காக, காணொளிகளைப் பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்று ஒரு நிரல் எழுதினேன். 41.3 டன் என்று வர வேண்டிய மொத்தம் சில நாள் 41.29999… என்று வருகிறது. ஒரே சீட்டு இருமுறை பதிவாகியுள்ளதா என்று பார்க்க, ஒவ்வொரு சீட்டையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறேன். சீட்டுகள் பெருகினால் நிரல் நகர மறுக்கிறது. காரணம் தேடப் போய்க் கணிதத்தில் ஆர்வம் பிறந்துவிட்டது. பிளஸ் டூவில் கணிதம் படிக்காத நான், அதை முழுமையாகக் கற்ற பிறகுதான் பெங்களூரில் மென்பொருள் வேலைக்கு முயல வேண்டுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: காத்திருக்க வேண்டாம். கணிதத்தை முழுமையாகக் கற்றுவிட்டதாக அதன் பேராசிரியர்களே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அதற்காக, கணிதமே தேவையில்லை என்று ஆள் சேர்க்கும் பயிற்சி மையங்களையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் நிரலின் இரு கோளாறுகளுமே கணிதம் சார்ந்தவைதாம்.

பைத்தானில் 0.1 ஐ ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். கணினி பின்னங்களை, 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டுமே கொண்ட இரும முறையில் வைத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்று என்ற பின்னத்தின் பகுதியில் (கீழ் எண்ணில்) 5 என்னும் காரணி இருப்பதால், இரும முறையில் அது 0.000110011… என்று முடிவின்றி நீள்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333… என்று நீள்வதைப் போலத்தான். கணினியில் பின்ன எண்களைச் சேமிப்பதற்காக 1985 இல் வெளியான ஐஇஇஇ 754 தரநிலையைப் பின்பற்றி, பைத்தான் இத்தகைய எண்ணுக்கு 64 பிட் (64 இரும இலக்கங்கள்) இடமே ஒதுக்குகிறது என்பதால், மிக நெருங்கிய மதிப்பு ஒன்றே சேமிக்கப்படுகிறது. அந்த நுண்ணிய வேறுபாடுகள் கூட்டக் கூட்டச் சேர்ந்து கடைசி இலக்கங்களில் தலைகாட்டுகின்றன. ஆகவே எடையைக் கிலோவில் முழு எண்ணாகவே வைத்துக் கூட்டி, அச்சிடும்போது மட்டும் டன்னாக மாற்றுங்கள். பணத்தையும் பைசாவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வேகம். 10,000 சீட்டுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 4,99,95,000 ஒப்பீடுகள். சீட்டுகள் இருமடங்கானால் ஒப்பீடுகள் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பைத்தானில் ‘செட்’ என்ற கணம் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டு எண்ணும் அதில் ஏற்கெனவே உள்ளதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்தால், சீட்டுக்கு ஒரு தேடல் போதும்.

அந்த ஒப்பீடுகளை எண்ணும் வழி, தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11 ஆம் வகுப்புக் கணித நூலில், சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும் பற்றிய பாடத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கி, 12 ஆம் வகுப்பின் தனிநிலைக் கணிதத்துக்குச் செல்லுங்கள். இரண்டும் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தொகுத்தறிதலை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். நிரலில் ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சி எத்தனை முறை ஓடினாலும் சரியான விடையே தரும் என்று நிறுவும் முறை அதுதான். வாசித்தால் மட்டும் போதாது, பயிற்சிக் கணக்குகளைத் தாளில் போட்டுப் பாருங்கள். நுண்கணிதம் இப்போதைக்கு இருக்கட்டும். தரவுகளிலிருந்து கணினியே கற்கும் இயந்திரக் கற்றல் பக்கம் போவதாக இருந்தால் அதுவும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் கட்டாயம்.

முறையான பட்டம் வேண்டுமென்றால், சென்னை ஐஐடி 2020 இல் தொடங்கிய தரவு அறிவியல் இளநிலைப் படிப்பை இணையவழியில் பயிலலாம். 10 ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் வணிகவியல் பிரிவினரும் சேர முடியும். ஜேஇஇ எழுத வேண்டியதில்லை, தகுதித் தேர்வு உண்டு. கட்டணத்தையும், நேரில் சென்று எழுதும் தேர்வுகளையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

வேலைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நேர்காணலில் உங்களைப் போன்றவர்களிடம் சான்றிதழ்களைவிட, இந்த நிரல் ஏன் மெதுவானது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதே பேச்சாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் உங்கள் நிரலை இட்டு, இரு கோளாறுகளின் காரணத்தையும் திருத்தத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். தொழிற்சாலையின் அனுமதி பெற்றுக்கொண்டு, விவசாயிகளின் பெயரும் உண்மையான எடையும் இல்லாத மாதிரிச் சீட்டுகளை மட்டும் அதில் வையுங்கள்.