மட்டக்களப்பில் இருந்துகொண்டு புதிய மின்பகுபொருள் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் இறுதியாண்டு படிப்பதாகவும், பற்றரியா சூரியக்கலமா என்று குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செய்யலாம் தம்பி. ஆனால் லித்தியத்தில் கை வைக்காதீர்கள்.

மின்பகுபொருள் என்பது கலத்துக்குள் அயன்களை, அதாவது மின்னேற்றம் உள்ள துகள்களை, கடத்தும் பொருள். லித்தியம் அயன் பற்றரியில் அது ஒரு திரவம். அந்தத் திரவத்தில் பெரும்பாலும் கரைந்திருப்பது லித்தியம் ஹெக்ஸாபுளோரோபொஸ்பேற்று. ஈரம் பட்டால் அதிலிருந்து ஐதரோபுளோரிக் அமிலம் வரும். அதனால் எல்லா வேலையும், ஈரம் புகாமல் ஆர்கன் வாயு நிரப்பி, பொருத்திய கையுறைகளுக்குள் கைவிட்டு வேலை செய்யும் கையுறைப் பெட்டிக்குள்தான். அந்தப் பெட்டியை வாங்கினாலும் கட்டிக் காப்பது பெரும்பாடு.

ஒளியை ஒரு சாயம் உறிஞ்சி மின்னாக்கும் சாயச் சூரியக்கலம் அப்படியில்லை. (கூரையில் போடுகிற சிலிக்கன் பனலில் மின்பகுபொருளே கிடையாது, அது வேறு கதை.) 1991இல் ஓ'ரீகனும் கிரெட்சலும் சுவிற்சர்லாந்தில் செய்துகாட்டிய இந்தக் கலத்தில் இன்றும் வழக்கமாக ஊற்றுவது, அசிற்றோநைற்றைல் போன்ற கரைப்பானில் கரைத்த அயடைட்டு–அயடீன் கலவை. அசிற்றோநைற்றைலின் கொதிநிலை 82 பாகை செல்சியஸ்தான். சித்திரை வெயிலில் நம் தகரக் கூரையில் வைத்தால் ஆவி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். அதனால்தான் அதை ஜெல்லாக்க, திண்மமாக்க இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறார்கள். 1995இலேயே கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் தென்னக்கோன் குழுவினர் திரவத்தைத் தூக்கிவிட்டுச் செப்பு அயடைட்டைப் போட்டுக் கலம் செய்தார்கள்.

திரவத்துக்குப் பதிலாக நீங்கள் பல்பகுதிய (பொலிமர்) வழியில் போகலாம். பொலிஎதிலீன் ஒக்சைட்டு என்ற பல்பகுதியத்தை சோடியம் அயடைட்டு போன்ற உப்போடு கரைத்து டெஃப்லோன் தட்டில் ஊற்றிக் காயவிட்டால் மெல்லிய படலம் கிடைக்கும். இரண்டு உருக்குத் தட்டுகளுக்கு நடுவே வைத்துத் தடங்கலை (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பை) அளந்து கடத்துதிறனைக் கணக்கிட வேண்டும். அறை வெப்பநிலையில் கடத்துதிறன் மிகக் குறைவு. 65 பாகை வாக்கில் பளிங்குப் பகுதி (மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிய பகுதி) உருகிய பிறகுதான் அயன்கள் தாராளமாக ஓடும். மார்கழி மழையில் அளந்துவிட்டு ‘ஆயிரம் மடங்கு கூடிவிட்டது’ என்று யாராவது துள்ளினால், முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அந்த மாதங்களில் சோடியம் அயடைட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் நிற்காமல் ஏறும், உப்பின் மேல் ஒரு நனைந்த மினுக்கம் வரும். படலமும் அப்படித்தான் ஈரம் குடிக்கும். வெற்றிடத்தில் உலர்த்தி, சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி அளக்கும்போதும் அதே எண் வந்தால் நம்பலாம்.

என்னைக் கேட்டால், கடத்துதிறன் பந்தயத்துக்கே போக வேண்டாம். மூன்று மாதம் கூரையில் கிடந்த பிறகும் கலம் பழைய மின்னோட்டத்தைத் தருகிறதா என்பதைத் தலைப்பாக எடுங்கள். வெயிலும் உப்புக்காற்றும் இங்கே காசில்லாமல் கிடைக்கின்றன. படலம் ஊற்றும் வேலையை மட்டும் மாரி ஓய்ந்து மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.