பெங்களூருக்கு முதலிடம் கொடுத்தது யார், ஆச்சி?

ஆச்சி, நேற்று ராத்திரி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு படங்களையும் பார்த்தேன். இந்தியாவிலேயே வாழ்வதற்கு வசதியான ஊர் பெங்களூரு என்கிறது ஒன்று. நெரிசலில் உயிரை வாங்கும் ஊர் அதே பெங்களூருதான் என்கிறது இன்னொன்று. மூன்றாவதில் பெண்களுக்கு எதிரான குற்றக் கணக்கு. நான்காவது உங்கள் கொழுந்தனார் அனுப்பியது. அதில் எண்ணே இல்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது. ஈ.ஈ.ஈ. (மின், மின்னணுப் பொறியியல்) முடித்த மகளுக்கு பெங்களூரில் ஒரு வேலை, கோயம்புத்தூரில் ஒரு வேலை. இதை வைத்து எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் படத்திலிருந்தே வருகிறேன். அது மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட ‘ஈஸ் ஆஃப் லிவிங்’ (வாழ்வதற்கு வசதி) பட்டியல். 111 நகரங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ளவற்றில் பெங்களூரு 1, சென்னை 4, கோயம்புத்தூர் 7. இதே அமைச்சகம் 2018-ல் இதே பெயரில் ஒரு பட்டியல் போட்டது. அதில் பெங்களூரு எத்தனையாவது தெரியுமா? 58. இரண்டரை வருஷத்தில் ஒரு ஊர் அப்படித் தலைகீழாக மாறுமா? மாறியது ஊர் இல்லை, அளவுகோல். 2018-ல் 78 விஷயங்களைப் பார்த்தார்கள்; அடுத்த முறை 49. புதிதாக மக்களிடம் கருத்துக் கேட்டு, அதற்கு மட்டும் 30 சதவீதம் கொடுத்தார்கள். மிச்சத்தில் வாழ்க்கைத் தரத்துக்கு 35, சுற்றுச்சூழல் நிலைத்தன்மைக்கு 20, பொருளாதாரத்துக்கு 15.

அந்த உள்பிரிவுகளைப் பிரித்துப் பாருங்கள். வாழ்க்கைத் தரம் என்ற பிரிவில் மட்டும் முதலிடம் சென்னைக்கு, இரண்டாமிடம் கோயம்புத்தூருக்கு. பெங்களூரு முதல் மூன்றிலேயே இல்லை. அது முதலில் நின்றது பொருளாதாரப் பிரிவில். நம் செட்டிநாட்டு வீடுகளில் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்பு எல்லாம் காட்டும் கணக்கு) எடுத்த பெரியவர்கள் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பேரேட்டை மூடமாட்டார்கள். எந்தக் கணக்கில் இது வந்தது என்று கேட்பார்கள். ரங்கூனுக்கோ பினாங்குக்கோ பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் பையனாக, ஒரு பிள்ளையை அனுப்பும்போது, ரங்கூன் நல்ல ஊரா என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். எந்தக் கடை, அதை நடத்தும் மேலாள் யார், பையன் எங்கே படுப்பான், எத்தனை வருஷக் கணக்கு என்றுதான் கேட்டிருப்பார்கள்.

குற்றக் கணக்குக்கு வருவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்று தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை போடுகிறது. லட்சம் பேருக்கு இத்தனை என்று விகிதமும் கொடுக்கிறது. அந்த விகிதத்தின் அடியில் இருக்கும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி உள்ளது. அதன்படி பெங்களூரு சுமார் 85 லட்சம், கோயம்புத்தூர் சுமார் 21 லட்சம். 2011-க்குப் பிறகு பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் அந்த அடித்தொகையில் இல்லை. ஆனால் அவர்கள் பறிகொடுத்த செயினும் செல்போனும் மேலே எண்ணிக்கையில் ஏறிவிடுகின்றன. ஆக, வேகமாக வளர்ந்த ஊர் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல் முடிந்து எண்கள் வரும்வரை இந்தக் கோணல் இருக்கும்.

இன்னொன்று. குற்றம் கூடுவது வேறு, போலீஸில் பதிவு கூடுவது வேறு என்று அந்தக் காப்பகமே எச்சரிக்கிறது. புகாரைத் தட்டிக்கழிக்காமல் வாங்கும் ஊரில் எண் ஏறத்தான் செய்யும். அதோடு ‘பெண்களுக்கு எதிரான குற்றம்’ என்ற மொத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2022-ல் நாடு முழுக்கப் பதிவானவற்றில் 31 சதவீதத்துக்கு மேல் கணவனோ அவன் வீட்டாரோ செய்த கொடுமை. அது சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை. விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் கல்யாணமாகாத பெண்ணின் பாதுகாப்பை அளக்க அந்த எண் உதவாது என்கிறேன். நீங்கள் பார்க்கவேண்டியது தொந்தரவு, பின்தொடர்தல், வழிப்பறி என்ற தனித்தனி வரிகளை. அதற்குப் பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து விடுதிக்கு வரும் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதை. இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் பதில் கிடையாது. ஒரு நாள் போய்த்தான் பார்க்கவேண்டும்.

விலைவாசியில் எனக்கே ஒருமுறை சறுக்கியது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு 88 மையங்களுக்குத் தனித்தனியாக வருகிறது. ஓர் ஊரின் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து, ‘அங்கே செலவு கம்மி, தைரியமாகப் போ’ என்று ஒரு பையனை அனுப்பிவிட்டேன். முதல் மாத வாடகை கொடுத்ததுமே கூப்பிட்டுத் திட்டினான். அந்தக் குறியீட்டில் எல்லா ஊருக்கும் 2016-ஆம் வருஷம் 100. அதிலிருந்து அந்த ஊரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். முதலிலேயே விலை கூடின ஊர் மெதுவாக ஏறினால் எண் சிறியதாகவே இருக்கும். அதனால் வாடகையையும் சாப்பாட்டையும் விடுதிக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஊருணியையும், முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடிப்பதையும் பார்த்து வளர்ந்த நாம் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வருகிறது. குழாய் போகாத புறநகர்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பியிருந்தன. 2024 கோடையில் கிணறுகள் வற்றியபோது அடிபட்டவை பெரும்பாலும் அவைதான். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்குக் குழாய் போகிறது. ஆகவே, ‘பெங்களூரில் தண்ணீர் உண்டா’ என்று கேட்காதீர்கள். ‘இந்த விடுதிக்குக் காவிரி இணைப்பா, லாரியா’ என்று கேளுங்கள்.

காற்றும் அப்படித்தான். மகளுக்குச் சின்ன வயதில் மூச்சிளைப்பு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். குறியீடு 50-க்குள் என்றால் நல்ல காற்று, 100 வரை பரவாயில்லை, 200-ஐத் தாண்டினால் மோசம். ஊர்ச் சராசரியை விட்டுவிட்டு, ஆபீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையத்தின் எண்ணைப் பாருங்கள். பெங்களூரில் வண்டிகள் நெரியும் சில்க் போர்டு சந்திப்பில் மூச்சு விடுவதும் மரங்களுக்கு நடுவே மூச்சு விடுவதும் ஒன்றில்லை. அதையும் ஒரு நாள் பார்த்துவிட்டு விடாமல், இரண்டு வாரம் காலையிலும் மாலையிலும் குறித்து வையுங்கள்.

நெரிசல் படத்தில் இருந்தது டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்கு. பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிஷம். அது கார்க்காரர்கள் கவலை. மகளுக்குக் காரும் இல்லை, வாங்குகிற யோசனையும் இல்லை. விடுதியிலிருந்து நடந்தோ மெட்ரோவிலோ போகமுடிந்தால் அந்த எண் அவளைத் தொடாது. முடியாமல் போய், போகவர ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால், 22 வேலை நாளில் 66 மணி. சம்பள வித்தியாசத்தை அந்த 66-ஆல் வகுத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

இனி என் கருத்து. அமைச்சகம் பொருளாதாரத்துக்கு 15 கொடுத்தது, ஏனென்றால் அது கைக்குழந்தைக்கும் ஓய்வு பெற்றவருக்கும் சேர்த்து அளந்தது. 22 வயதில் முதல் வேலைக்குப் போகிறவளுக்கு நான் பாதி கொடுப்பேன். பெங்களூரில் அவள் படித்த பாடத்தை ஒட்டிய வடிவமைப்பு வேலை. இந்தக் கம்பெனி சரிப்படவில்லை என்றால் பக்கத்திலேயே வேறு கதவு தட்டலாம். கோயம்புத்தூரில் கிடைத்திருப்பது பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனை. கௌரவமான வேலைதான், பஸ் ஏறினால் அன்றைக்கே வீடும் வந்துவிடலாம். ஆனால் அவள் விரும்புகிற திசை அது இல்லை. என் கணக்கில் பெங்களூரு கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது, தராசுத் தட்டு தாழ்வதைச் சொல்கிறேன். உங்கள் முதல் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் ஒரு முடிச்சு. நீங்கள் அனுப்பிய வேலைக் கடிதத்தில் பணியிடம் ‘பெங்களூரு’ என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒயிட்ஃபீல்டா, பீன்யாவா, எலெக்ட்ரானிக் சிட்டியா என்று தெரியாமல் மேலே சொன்ன எதையும் பார்க்கமுடியாது. எந்தக் கட்டடம், எந்த ஷிப்ட், ராத்திரி வண்டி உண்டா என்று மூன்றே வரியில் மகளையே மெயில் போடச் சொல்லுங்கள். பதில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு இரண்டு பேரும் வாருங்கள். கொழுந்தனாரையும் கூட்டிவந்தால் நல்லது.